கேஸ்காரரின் மூக்கு

திருவள்ளூருக்குச் சமையல் கேஸ் வந்த புதிதில் பெண்கள் சிலிண்டரை நம்பவில்லை. ஆசீர்வாதத்தின் மூக்கை நம்பினார்கள்.

எழுபதுகளின் தொடக்கம் அது. ரயில் நிலையத்துக்குப் போகிற சாலையில் துளசிராமன் என்பவர் கேஸ் ஏஜென்சி திறந்தார். வீடுகளுக்குச் சிலிண்டரைக் கொண்டுபோய் மாட்டிவிட ஆள் தேடியபோது ஆசீர்வாதம் கிடைத்தார். தகப்பன் காலம் வரை அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டிய குடும்பம். இவர் சூளையில் செங்கல் சுமந்துகொண்டிருந்தார். நிறைந்த சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாலும் அவருக்கு மூச்சு வாங்காது. அதைப் பார்த்துத்தான் துளசிராமன் வேலைக்கு எடுத்தார். மூக்கைப் பற்றி அப்போது யாருக்கும் தெரியாது.

வேலை பழகுவதற்காக அவரைச் சென்னைக்கு அனுப்பினார்கள். அங்கே பாடம் நடத்தியவர் சொன்னதெல்லாம் அவர் மனதில் அப்படியே தங்கிவிட்டது. சிலிண்டருக்குள் இருப்பவை புரொப்பேன், பியூட்டேன் என்று இரண்டு வாயுக்கள். மண்ணெண்ணெயும் பெட்ரோலும் எடுக்கிற அதே கச்சா எண்ணெயிலிருந்துதான் இவற்றையும் எடுக்கிறார்கள். அழுத்தி அடைத்தால் தண்ணீர் போல ஆகிவிடும். திருகைத் திறந்தால் மறுபடி வாயுவாக வெளியே வரும். புகை கிடையாது, பாத்திரத்தில் கரி பிடிக்காது. ஆனால் காற்றைவிடக் கனமானது. மாட்டுச் சாணத்திலிருந்து எடுக்கிற வாயு கசிந்தால் மேலே ஏறிப் போய்விடும். இது கசிந்தால் தரையில் படுத்துக்கொள்ளும், தாழ்ந்த மூலையாகப் பார்த்துத் தேங்கும். இந்த வாயுவுக்குச் சொந்த வாசனை எதுவும் இல்லை. கசிவது மனிதருக்குத் தெரியவேண்டும் என்பதற்காகவே அழுகிய முட்டைக்கோஸ் போன்ற ஒரு நாற்றத்தை அதில் கலந்து அனுப்புகிறார்கள்.

ஊருக்குத் திரும்பிய ஆசீர்வாதம் தனக்கென்று ஒரு முறை வைத்துக்கொண்டார். சிலிண்டரை மாட்டி முடித்ததும் வீட்டுக் கதவுகளைத் திறந்து வைப்பார். பிறகு சமையலறைத் தரையில் இரண்டு கைகளையும் ஊன்றி, முட்டி போட்டுக் குனிந்து, மூக்கைத் தரையோடு தரையாக வைத்து மூலைக்கு மூலை மோந்து பார்ப்பார். எழுந்து கையைத் தட்டிக்கொண்டு, "இல்லம்மா" என்று சொன்னால் முடிந்தது. அதற்கப்புறம்தான் பெண்கள் தீக்குச்சியைக் கையில் எடுப்பார்கள்.

தேரடிக்குப் பக்கத்துத் தெருவில் இருந்த தாயாரம்மாள் வீட்டில் முதல்முறை மாட்டியபோது அந்த அம்மாள் சிரிப்பை அடக்கமாட்டாமல் கேட்டாள்.

"இன்னாப்பா, எங்க அடுப்புக்கு நமஸ்காரம் பண்றியா?"

"உள்ள கீறவங்களுக்குப் பண்றேன் பெரியம்மா. புரொப்பேன், பூட்டன்னு ரெண்டு பேரு."

"பூட்டனா? பாட்டனுக்கு அப்பனா?"

"அப்பிடித்தான் வெச்சிக்கோங்களேன்."

"அடி சுந்தரி, கேட்டியா? செத்துப்போன பாட்டனும் பூட்டனும் வந்து நமக்குச் சோறு ஆக்கிப் போடறாங்களாம்!"

சுந்தரி என்று அவள் கூப்பிட்டது மருமகள் குணசுந்தரியை. எளாவூர்ப் பெண். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. கணவன் மணவாளன் காலை ரயிலில் சென்னைக்கு வேலைக்குப் போய் விளக்கு வைத்தபின் திரும்புகிறவன். நீல நெருப்பைப் பார்த்துக் குணசுந்தரி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஆசீர்வாதம் எல்லா வீட்டிலும் சொல்வதை அவளிடமும் சொன்னார்.

"தங்கச்சி, நல்லா கேட்டுக்கோ. நாத்தம் வந்தா திருகை மூடு, கதவைத் திற, ஆள் அனுப்பு. நாத்தம் போவணும்னு ஊதுபத்தி கொளுத்தாதே. சாம்பிராணி போடாதே."

"வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடாம இன்னா ஊடுப்பா அது?" என்றாள் தாயாரம்மாள்.

"தாராளமா போடுங்க பெரியம்மா. நாத்தம் வரச்சே மட்டும் வோணாம்."

இதை அவர் சொல்லாத வீடு கிடையாது. ஏனென்றால் எங்கள் ஊர்ப் பெண்களுக்குக் கெட்ட நாற்றம் என்றால் கை தானாகச் சாம்பிராணிக் கரண்டிக்குப் போகும். எலி செத்தாலும் சாம்பிராணி, சலதாரை அடைத்துக்கொண்டாலும் சாம்பிராணி. கரண்டியில் தணலை அள்ளி, பொடியைத் தூவி, வீட்டின் மூலை முடுக்கெல்லாம் தாழ்வாகக் காட்டிக்கொண்டு போவார்கள். கேஸ் எந்த மூலையில் படுத்திருக்குமோ அந்த மூலைக்கே நெருப்பு போகும். ஆசீர்வாதம் இதை நினைத்துப் பயந்தார். பயந்ததால் இன்னும் கவனமாக மோந்து பார்த்தார். வாசற்படியில் நின்றபடியே, "உங்க ஊட்ல வாஷர் போயிடுச்சும்மா" என்று அவர் சொன்ன கதைகள் ஊரில் சுற்றின.

ஒரு ஐப்பசி மழையில் ரயில்வே கேட்டருகே அவருடைய சைக்கிள் வழுக்கியது. சிலிண்டர் ஒரு பக்கம் உருண்டது. இவர் மல்லாந்து விழுந்ததில் பின்மண்டை தண்டவாளத்தில் மோதியது. எழுந்தவர் முதலில் ஓடிப்போய்ச் சிலிண்டரைத்தான் பார்த்தார். தலையில் வீக்கம் இருந்தது; ரத்தம் வரவில்லை. சில நாளில் வீக்கம் வடிந்தது. வேலைக்குத் திரும்பிவிட்டார்.

அவர் மனைவி ரோசம்மாள் பழவேற்காட்டில் அக்காள் பிரசவத்துக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தவள் வாசலிலேயே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். டிரங்குப் பெட்டிக்குப் பின்னால் எலி ஒன்று செத்து ஊதிப்போயிருந்தது. ஆசீர்வாதம் பக்கத்தில் உட்கார்ந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னா மனுஷன்யா நீ! செத்த எலியோட குடும்பம் நடத்திக்கினு கீறியே!"

அவர் தட்டிலிருந்து கையை எடுத்தார். எலியைப் பார்த்தார். ரோசம்மாளின் முகத்தைப் பார்த்தார். எழுந்துபோய்க் கருவாட்டுப் பானையைத் திறந்து முகத்தை உள்ளே வைத்தார். பிறகு மண்ணெண்ணெய்ப் புட்டி. பிறகு அவள் தலையிலிருந்த பூ.

"ரோசா, ஒண்ணியும் தெர்லடீ," என்றார்.

சில நாளாகக் குழம்பில் ருசியே இல்லை, உப்பும் காரமும் புளிப்பும்தான் நாக்குக்குத் தெரிகிறது, சளி பிடித்திருக்கிறது என்று அவர் எண்ணிக்கொண்டிருந்தாராம். சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மூக்கிலிருந்து மூளைக்குப் போகிற நரம்புகள் நூலைவிட மெல்லியவை, அடிபட்டதில் அறுந்திருக்கும், இதற்கு மருந்து கிடையாது, தானாக வந்தால் உண்டு என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

சிலிண்டருக்குள் இருந்த வாயு அவரைப் பொறுத்தவரை பிறந்தபடியே வாசனை இல்லாததாக ஆகிவிட்டது. அவருக்காகவும் சேர்த்துத்தான் அதில் நாற்றம் கலந்து அனுப்பினார்கள். அது அவருக்கு மட்டும் வந்து சேரவில்லை.

மறுநாளே துளசிராமனிடம் போய்ச் சொன்னார். துளசிராமன் நாற்காலியை விட்டு எழுந்து கதவைச் சாத்தினார்.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"ரோசாவுக்குத் தெரியும். வேற ஆளைப் போடுங்க முதலாளி. நான் சுமக்கறேன், அவன் மாட்டட்டும்."

"வேற ஆளுக்கு எங்க போறது? உன் மூக்கை வெச்சித்தான் நாலு பேரு கேஸே வாங்கறான். சோப்புத்தண்ணி கீதில்ல? தடவிப் பாரு. நுரை வந்தா லீக்கு, வரலேன்னா இல்ல. அது போதும்னு கம்பெனியே சொல்லுது. வாயைத் திறந்து என் பொழப்பைக் கெடுக்காதே நைனா."

சோப்புத்தண்ணீர் நல்ல முறைதான். அன்றிலிருந்து ஆசீர்வாதம் ஒரு கிண்ணமும் பழைய ஷேவிங் பிரஷும் எடுத்துப்போனார். இணைப்புகளில் எல்லாம் நுரையைத் தடவி, முகத்தைக் கிட்டே வைத்துக் குமிழி வருகிறதா என்று பார்ப்பார். பெண்களுக்கு அது போதவில்லை. "அதெல்லாம் இருக்கட்டும். நீ ஒரு தபா மோந்து பாத்துடுப்பா," என்பார்கள். "நீங்களே பாருங்கம்மா" என்று கெஞ்சினால், "உன் மூக்கு எங்களுக்கு வருமா?" என்பார்கள். ஒரு ஆண்பிள்ளை நிற்கும்போது தரையில் குனிய எந்தப் பெண்ணும் ஒப்பவில்லை. அவர் குனிவார். கைகளை ஊன்றி, ஒன்றுமே இல்லாத காற்றை இழுத்துப் பார்த்துவிட்டு, எழுந்து, "இல்லம்மா" என்பார். ஒவ்வொரு நாளும் வீட்டுக்கு வந்து ரோசம்மாளிடம் அன்றைய வீடுகளை வரிசையாகச் சொல்லி, "ஒண்ணும் ஆவாதில்ல?" என்று கேட்பார்.

வேலையை விட்டுவிட நினைத்தார். சூளைக்காரர் வேறு ஆள் வைத்துவிட்டார். கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஃபேக்டரிகள் வரப்போகின்றன என்று பேச்சு இருந்தது, ஆனால் அப்போதைக்கு அது பேச்சுதான்.

தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. குணசுந்தரி சொல்லியனுப்பி ஆசீர்வாதம் அந்த வீட்டுக்குப் போனார்.

"நேத்துலேந்து நாத்தம் வருது அண்ணா. விட்டு விட்டு வருது."

"கேஸும் இல்ல ஒண்ணும் இல்ல," என்று கூடத்திலிருந்து தாயாரம்மாள் குரல் கொடுத்தாள். "சலதாரை அடைச்சிக்கினு கீது. மணவாளன் கிட்ட நாலு நாளா சொல்லிக்கினு கீறேன், காதுல வாங்கினாத்தானே."

ஆசீர்வாதம் ரெகுலேட்டரில் நுரை தடவினார். குமிழி இல்லை. ரப்பர் குழாயின் மேல் பாதியில் தடவினார். அங்கேயும் இல்லை. அடுப்பு கடப்பைக்கல் மேடையில் இருந்தது. குழாய் கல்லுக்குப் பின்னால் வளைந்து சுவரோடு ஒட்டிப் போயிற்று. அங்கே பிரஷ் எட்டவில்லை. கல்லை நகர்த்த இரண்டு ஆள் வேண்டும்.

"தங்கச்சி, இந்தக் கல்லு கிட்ட நீ கொஞ்சம் மோந்து பாரேன்."

அவள் திரும்பி மாமியார் இருந்த பக்கம் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "நீங்க பாருங்க அண்ணா," என்றாள்.

அவர் குனிந்தார். வெகுநேரம் குனிந்தே இருந்தார். எழுந்தபோது அவர் முகம் வேர்த்திருந்தது என்று குணசுந்தரி பிற்பாடு சொன்னாள்.

"நுரையில ஒண்ணும் காட்டல தங்கச்சி. எதுக்கும் புதுக் குழா எடுத்துக்கினு நாளைக்கி ஆளோட வந்து கல்ல நகத்திப் பாக்கறேன். அது வரைக்கும் சிலிண்டர் திருகைத் திறக்காதீங்க, இந்த அடுப்பு வோணாம்."

"கேஸ் லீக்கு இல்லியே?" என்று தாயாரம்மாள் கேட்டாள்.

"நுரையில தெரில பெரியம்மா."

"மோந்து பாத்தியே, அதுல?"

உண்மையைச் சொல்லலாம் என்று வாய் வரை வந்தது. "இல்ல பெரியம்மா," என்றார்.

அந்த ஒரு சொல்லைத்தான் தாயாரம்மாள் எடுத்துக்கொண்டாள். மற்றதெல்லாம் காதில் விழவில்லை; சிலிண்டரைத் திறந்து அதே அடுப்பில் மருமகளைச் சமைக்கவும் வைத்தாள். சாயங்காலம் நாற்றம் இன்னும் கூடியது. "கேஸ்காரரே மோந்து பாத்து இல்லன்னுட்டாரு. சலதாரைதான். மகாலட்சுமி வர நேரத்துல இன்னா நாத்தம் இது! சாம்பிராணி போடுடி," என்றாள். குணசுந்தரி கூடத்துக் கரி அடுப்பிலிருந்து தணலை அள்ளிக்கொண்டு சமையலறைக்குள் போனாள். வழக்கம்போலக் கரண்டியை மூலையில் தாழ்த்திக் காட்டினாள்.

தரையில் தீ ஓடியது. கனமான வாயு தரையோடு கிடந்ததால் தீயும் தரையோடுதான் எழுந்தது. புடவையின் கீழ்ப்பகுதி பற்றியது. பக்கத்து வீட்டுக்காரர் கோணிச்சாக்கை நனைத்துக் கொண்டுவந்து போட்டார். இன்னொருவர் உள்ளே ஓடித் திருகை மூடினார். உயிர் தப்பியது. பாதத்திலிருந்து முழங்கால் வரை இரண்டு கால்களும் வெந்துபோயின.

ரப்பர் குழாய் முழுவதும் எரிந்து கரியாகிவிட்டது. கல்லுக்குப் பின்னால் எங்கே வெடித்திருந்தது என்று காட்ட ஒரு துண்டுகூட மிஞ்சவில்லை.

குழாயில் ஓட்டை இருந்ததற்குச் சாட்சி இல்லை, வாஷர் நன்றாக இருக்கிறது, ஆசீர்வாதம் மோந்து பார்த்து இல்லை என்று சொல்லியிருக்கிறார். அப்படியானால் கேஸ் எப்படி வந்தது? தாயாரம்மாள் இரண்டு நாள் யோசித்து ஒரு பதில் கண்டுபிடித்தாள். மருமகள் அடுப்பின் திருகைச் சரியாக மூடவில்லை. சாம்பிராணி போடச் சொன்னது யார் என்பது அந்தப் பதிலில் இல்லை. தெருவில் எல்லோரும் அந்தப் பதிலைச் சொல்ல ஆரம்பித்தார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் குணசுந்தரியும், "நான் மூடினேன்னுதான் நெனப்பு. மூடலையோ என்னமோ," என்று சொல்லத் தொடங்கிவிட்டாள்.

"அடுப்ப மூடத் தெரியாதவ கையில ஊட்ட எப்பிடி வுடறது? ஆஸ்பத்திரிலேந்து வந்ததும் அவ அம்மா ஊட்டுக்கே அனுப்பிடுவேன்," என்று தாயாரம்மாள் சொன்னதாக ஆசீர்வாதத்தின் காதுக்கு வந்தபோது, அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேராக அங்கே போனார். மணவாளனும் வீட்டில் இருந்தான்.

"பெரியம்மா, அந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல. எனக்கு மூக்கு வேலை செய்யல. தலையில அடிபட்டதுலேந்து எந்த வாசனையும் தெரியாது. அன்னிக்கி நான் மோந்து பாத்தது பொய்."

தாயாரம்மாள் அவரையே பார்த்தாள். அவள் கண் கலங்கியது.

"ஒக்காருப்பா. ஊரான் ஊட்டுப் பொண்ணுக்காவ நீ பழி ஏத்துக்கறியே, உனக்கு எவ்ளோ நல்ல மனசு."

"சத்தியமா பெரியம்மா!"

"சரி, கண்ண மூடு."

அவர் கண்ணை மூடினார். தாயாரம்மாள் அமிர்தாஞ்சன் புட்டியைத் திறந்து மூக்குக்கு நேரே பிடித்தாள். வாசனை ஒன்றும் வரவில்லை. ஆனால் மூக்குக்குள் ஜில்லென்று ஊசி குத்தியது. கண்ணில் தண்ணீர் வழிந்தது.

"இன்னா தெரியுது?"

பொய் சொல்ல அவர் வரவில்லை. "வாசனை தெர்ல. ஜில்லுனு குத்துது."

"பாத்தியாடா மணவாளா? கண்ணுல தண்ணி கொட்டுது, மூக்கு இல்லியாம்!"

"பெரியம்மா, குத்தறது வேற நரம்பு, மோக்கறது வேற நரம்பு. டாக்டரே சொன்னாரு..."

"டாக்டருங்க ஆயிரம் சொல்லுவாங்க. நீ காபி சாப்புடு."

மணவாளனுக்குக் கொஞ்சம் சந்தேகம் வந்தது. மறுநாள் ஏஜென்சிக்குப் போய்க் கேட்டான். துளசிராமன் வாய்விட்டுச் சிரித்தார். "ஆசீர்வாதத்துக்கா? அந்த மாதிரி மூக்கு இந்த ஜில்லாவுலயே கிடையாது சார். பாவம், மனசு கேக்காம ஒளறிக்கினு கீறாரு." மணவாளன் அதோடு விட்டுவிட்டான்.

கேஸ் இனி வேண்டாம் என்று அந்த வீட்டில் முடிவாயிற்று. சிலிண்டரை எடுத்துவர ஆசீர்வாதமே போகவேண்டியிருந்தது. அதுதான் அவர் அந்த ஏஜென்சியில் செய்த கடைசி வேலை. குணசுந்தரி கூடத்தில் சுவரில் சாய்ந்து, கட்டுப் போட்ட கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு தோல்பை. எளாவூருக்குக் கிளம்பத் தயாராக. தாயாரம்மாள் கொல்லையில் துணி துவைக்கும் சத்தம் கேட்டது.

"அண்ணா, நெசமாவே தெரியாதா?"

"தெரியாது தங்கச்சி."

அவள் சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்தாள்.

"இப்போ இன்னா வாசனை வருது, சொல்லுங்க."

அவர் மூச்சை நன்றாக இழுத்தார். "ஒண்ணும் வரலியே."

"மண்ணெண்ணெய் ஸ்டவ்வுல பால் தீயுது," என்றாள் அவள். "ஊடே நாறுது அண்ணா. உங்களுக்குத் தெரியல."

ஊரில் அவரை நம்பிய முதல் ஆள் அவள்தான். ஆசீர்வாதம் பரபரப்பாக எழுந்தார். "பெரியம்மா! பெரியம்மா, இங்க வாங்க! பால் தீயறது எனக்குத் தெரியல பாருங்க!"

தாயாரம்மாள் ஈரக் கையோடு ஓடிவந்தாள். அடுப்பை அணைத்தாள். கறுத்துப்போன பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தாள். ஆசீர்வாதத்தை அவள் பார்க்கவே இல்லை; மருமகளைத்தான் பார்த்தாள்.

"நான் இல்லேன்னா பால் தீயறதுகூடத் தெரியாம வாயடிச்சிக்கினு ஒக்காந்து கீறே. கால்தான் வெந்துது, மூக்குமா வெந்துபோச்சு? இவளை வெச்சிக்கினு நான் இன்னா பண்றது, நீயே சொல்லுப்பா."

ஆசீர்வாதம் வாயைத் திறந்தார். குணசுந்தரி கண்ணால் வேண்டாம் என்றாள். அவர் சிலிண்டரைத் தோளில் ஏற்றிக்கொண்டு வெளியே வந்தார். மத்தியானப் பஸ்ஸில் அவளுடைய அம்மா வந்து அழைத்துப் போனாள்.

பிறகு கும்மிடிப்பூண்டியில் உண்மையாகவே ஃபேக்டரிகள் வந்தன. ஆசீர்வாதம் இரும்பு வார்க்கிற ஒரு பட்டறையில் சுமை தூக்கும் வேலைக்குச் சேர்ந்து, ரோசம்மாளோடு அங்கேயே குடிபோனார். அங்கிருந்து எளாவூர் பக்கம்தான். சம்பளம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் ஜெபம் முடிந்ததும் சில சமயம் திருவள்ளூர் பஸ் ஏறித் தாயாரம்மாள் வீட்டுக்குப் போவார். அதே சொற்களை மறுபடியும் சொல்வார். அவள் காபி கொடுப்பாள். தெருவில் எல்லோரிடமும், "இந்தக் காலத்துல இப்பிடி ஒரு மனுஷனா" என்று சொல்லி மாய்ந்துபோவாள். மருமகளைப் பற்றிய பேச்சு வந்தால் மட்டும் வேறு பேச்சு எடுப்பாள்.

ஒருமுறை எளாவூருக்கும் போனார். செக்போஸ்டில் லாரிகள் நீளமாக நின்றிருந்தன. குணசுந்தரியின் அம்மா லாரிக்காரர்களுக்கு நாஷ்டா கடை வைத்திருந்தாள். பின்புறக் கொட்டகையில் குணசுந்தரி ஈர விறகை ஊதி ஊதி இட்லி வேகவைத்துக்கொண்டிருந்தாள். கொட்டகை முழுக்கப் புகை. நடக்கும்போது காலைச் சற்று இழுத்தாள். அவருக்குப் பலகையை எடுத்துப் போட்டாள்.

"புகை பேஜாரா கீதா அண்ணா?"

"கண்ணுதான் எரியுது."

அவள் லேசாகச் சிரித்தாள். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடுப்பைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அங்க போயிருந்தீங்களா?"

"போன வாரம் போனேன்."

"சொன்னீங்களா?"

"சொன்னேன் தங்கச்சி."

"இன்னா சொன்னாங்க?"

"காபி குடுத்தாங்க தங்கச்சி," என்றார் ஆசீர்வாதம். அவள் இட்லித் தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு, விறகை உள்ளே தள்ளி மறுபடியும் ஊத ஆரம்பித்தாள்.